நிறுவலும் கணனியும்

கணனிக்கு இட்ட கட்டளைகள் பிழையற்றவை என்று அறிவது எங்ஙனம்? இவ்வினாவைக் கல்வியின் நடுவே நிறுத்தியவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்திரா. 1957 இல் அவர் மணம் புரிந்தபோது, செய்நிரலாக்கம் ஒரு தொழிலென்பதை ஏற்க அம்ஸ்ரர்டாம் அதிகாரிகள் மறுத்தனர். பதிவேட்டிலே கொள்கைப் பௌதிகவியலார் என்றே எழுத நேர்ந்தது.

27 இரும இலக்கங்கள் கொண்ட எண்களைப் பெருக்கும் பொறியொன்றினை, எல்லா எண்ணிணைகளையும் கொண்டு சோதித்து முடிக்க, அக்காலப் பொறிகளின் வேகத்தில் 10,000 ஆண்டுகளுக்கு மேலாகுமென அவர் கணக்கிட்டார். எனவே, சோதனை பிழையைக் காட்டலாம், பிழையின்மையைக் காட்டாது. அதற்கு வேண்டுவது கணித நிறுவல்.

1972 இல் ரியூரிங் பரிசு பெற்ற அவர், 1984 இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகஞ் சேர்ந்தார். புகுமுக மாணாக்கர் முதலிற் கணனியைத் தொடாமலே, நிரலையும் அதன் நிறுவலையும் ஒருங்கே எழுதிப் பழகவேண்டுமென 1988 இல் வாதிட்டார். நீரில் இறங்காது நீந்தப் பழகுதல் கூடுமோ என்னும் தடை எழுவது இயல்பே. அறிஞர் சிலர் அடுத்த ஆண்டே மறுப்புரைத்தனர்.

அவர் வகுத்த வழி கடுமையானதாகலாம். காட்டிய குறை மெய்யானது. கேத்திரகணித வகுப்பில் ‘நிறுவுக’ என்னுஞ் சொல்லுக்கு அஞ்சும் சிறுவனே, நாளை வைத்தியசாலைக் கருவிக்கு நிரல் எழுதவுங்கூடும். அவன் அச்சத்தை இன்றே போக்குதல் ஆசிரியர் கடன்.