கரும்பு வெட்டிய கைகளும் இனிப்பு உண்ணும் இல்லங்களும்

தைத் திருநாளன்று ஜித்ரா வட்டாரத்துத் தமிழர் இல்லங்களின் வாசலில் கரும்பு நிற்கும்; புதுப்பானையில் பால் பொங்கும்; சர்க்கரைப் பொங்கல் படைக்கப்பெறும். அக்கரும்புக்கும் இந்நாட்டுத் தமிழர்க்கும் உள்ள உறவு பண்டிகையோடு முடிவதன்று. ரப்பர் வருவதற்கு முன்பே நம் முன்னோரைக் கடல் கடந்து இங்கு அழைத்த பயிர் கரும்பே ஆகும்.

கரும்புத் தோட்டக் காலம்

1800-ஆம் ஆண்டில் கெடா சுல்தான் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த நிலமே இன்றைய செபராங் பிறையின் தொடக்கம். அங்குப் பத்து காவான் பகுதியில் சீனர்கள் முதலில் கரும்பு பயிரிட்டனர். 1840-களில் ஐரோப்பியர் பெருந்தோட்டங்களைத் திறந்தனர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்குக் கப்பலேறி வந்த தமிழர்கள், நிபோங் திபாலுக்கு அருகிலுள்ள கலிடோனியா போன்ற தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்டினர். அவர்கள் வெட்டிய கரும்பின் சீனி சீமைக்குச் சென்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரின் விலை ஏறவே, கரும்புக் கொல்லைகள் ரப்பர்த் தோட்டங்களாயின. 1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷாரின் ஆதிக்கத்தின்கீழ் வந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுற்றது. அதன்பின் கங்காணிகள் வழியாக வந்த தமிழர்கள் கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்தனர்.

கரும்பு மீண்டும் 1970-களில் வடக்கே தலைகாட்டியது. பெர்லிஸ் சூப்பிங்கிலும் கெடாவின் பாடாங் தெராப்பிலும் கரும்புக் கொல்லைகளும் சீனி ஆலைகளும் எழுந்தன. ஜித்ரா அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஊர். இன்று சூப்பிங்கில் கரும்புப் பயிர்த்தொழில் மறைந்துவிட்டது. ஆனால் சீனி மட்டும் நம் சமையலறையை விட்டு அகலவில்லை.

தோட்டத்து அடுப்படி

தோட்ட வாழ்வில் பலகாரத்திற்கு நாள் இருந்தது. தீபாவளிக்கு அதிரசம், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், திருவிழாவிற்குப் பஞ்சாமிர்தம். மற்ற நாள்களில் கஞ்சியும் கீரையும் கருவாடும் பருப்பும்தாம். விடியலில் அருந்திய காப்பியில் சீனி இருந்தது உண்மையே. ஆயினும் அதைக் குடித்தவர் இருள் பிரியுமுன் நிரைக்குச் சென்று, நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவி, பால் வாளியைத் தூக்கி நடந்தார். உண்டது உழைப்பில் கரைந்தது.

அக்காலத்தை முற்றும் நற்காலம் எனப் போற்றுவதற்கும் இல்லை. வறுமையும் சத்துக்குறைவும் லயங்களில் குடியிருந்தன. குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தகரக் குவளையில் அடைத்த இனிப்புக் கெட்டிப் பால் கொடுக்கும் வழக்கம் மலாயாவில் பரவியது. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், 1939-இல் அந்நகரின் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரைக்குப் ‘பாலும் கொலையும்’ என்னும் பொருளில் தலைப்பிட்டு, இவ்வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்புக் கெட்டிப் பாலைக் கொடுக்கும் பழக்கம் எத்துணை ஆபத்தானது என்பதை எட்டுப் பத்தாண்டுகளுக்கு முன்பே அவர் உணர்த்தினார்.

இன்றைய கணக்கு

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணம் சேர்ந்தனர். மரம் சீவிய கைகள் மேசைப் பணிக்கும் ஆலைப் பணிக்கும் மாறின. உழைப்பு குறைந்தது, உணவு குறையவில்லை. பண்டிகைப் பலகாரம் அன்றாடத் தின்பண்டமாயிற்று. காலையில் தே தாரிக், மாலையில் சிராப், இடையில் புட்டிப் பானம் என நாள் நகர்கிறது.

விளைவு என்ன? 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர். 2023-ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் காணப்பட்டது. சீனி ஒன்றே இதற்குக் காரணமன்று. பரம்பரை, உடற்பருமன், உழைப்பின்மை, மிகையான சோறு ஆகியனவும் சேர்ந்தே இந்நோயை வளர்க்கின்றன.

அரசாங்கம் 2013 அக்டோபரில் சீனிக்கான உதவித்தொகையை நீக்கியது. 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்துப் பின்னர் அதனை உயர்த்தியது. ஆயினும் சட்டம் கடை வரையே செல்லும். வீட்டு அடுப்படிக்குள் நுழையாது.

இல்லத்தின் கடமை

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, உணவிலும் பானத்திலும் சேர்க்கும் இனிப்பு ஒருவர் பெறும் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு ஆறு தேக்கரண்டி அளவுக்குக் குறைத்தல் இன்னும் நன்று. தேனும் நாட்டுச் சர்க்கரையும் இக்கணக்கில் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இனிப்பை வீட்டிலிருந்து முற்றும் விலக்கினால் பிள்ளைகள் ஒளித்துத் தின்பர். அழுகைக்கும் தேர்ச்சிக்கும் பரிசாகக் கொடுத்தால் அதையே பெரும்பேறாக எண்ணுவர். இவ்விரண்டும் வேண்டா. பெற்றோர் தாம் அருந்தும் தேநீரில் சீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பிள்ளைகளோடு ஒன்றாக அமர்ந்து உண்டு வழிகாட்டுதலே தக்கது. பாட்டியின் கையால் அதிரசம் பெறும் மகிழ்ச்சி தீபாவளிக்கு இருக்கட்டும்; அன்றாடத்திற்குத் தண்ணீரும் பழமும் போதும். வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மூலிகையைக் காட்டிலும் உண்ணும் அளவையே மிகுதியாகப் பேசியது இங்கு நினைக்கத்தக்கது.

ஆலயத்தில் பிரசாதம் ஒரு கையளவே வழங்கப்படுகிறது. அதனைப் பெறும் பக்தர் இருகை ஏந்தி, கண்ணில் ஒற்றி, பகிர்ந்து உண்கிறார். அளவும் மதிப்பும் பகிர்வும் அவ்வொரு செயலில் அடங்கியுள்ளன. கரும்பு வெட்டிக் காய்த்த கைகளின் வழித்தோன்றல்கள், அந்தக் கையளவைத் தம் இல்லத்து அளவாகவும் கொள்வாராயின், முன்னோரின் வியர்வை இனிப்பாகவே நிலைக்கும், நோயாக மாறாது.