தனிநபர் டிஜிட்டல் ஹாட்ஸ்பாட்: அதிர்வெண் ஒழுங்கு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

அருகில் டிஜிட்டல் ரிப்பீட்டர் இல்லாத ஹாம் வானொலியாளருக்கு உலகக் குரல் வலையமைப்பின் கதவைத் திறந்துவிடுவது தனிநபர் ஹாட்ஸ்பாட். கையடக்க வானொலியின் டிஜிட்டல் குரலை வாங்கி இணையத்தில் சேர்ப்பதும், மறுமுனைக் குரலை வானலையாக்கித் தருவதும் அதன் வேலை. கணினியோடு இணைக்கும் துணைக்கருவி போல இதை நிறுவுவது தவறு. இது ஒரு வானொலி நிலையம். நிலையத்துக்குரிய ஒழுங்கோடுதான் அமைக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்தியாவில் 70 செ.மீ. பட்டையில் இயங்கும், டி.எம்.ஆர். (டிஜிட்டல் மொபைல் ரேடியோ) முறைக்கான சிம்ப்ளெக்ஸ் ஹாட்ஸ்பாட், அதாவது ஒரே அதிர்வெண்ணில் அனுப்பவும் ஏற்கவும் செய்வது மட்டும் இங்கே ஆராயப்படுகிறது.

2. கட்டமைப்பு

ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி, அதன்மேல் பொருந்தும் மோடம் பலகை, மென்பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்தது ஹாட்ஸ்பாட். பிரிட்டனைச் சேர்ந்த ஜோனதன் நெய்லர் உருவாக்கிய எம்.எம்.டி.வி.எம். மென்பொருளே அடித்தளம். அதன் அமைப்புகளை உலாவியிலேயே மாற்ற பை-ஸ்டார் என்ற மென்பொருள் தொகுப்பு வழிசெய்கிறது. மோடம் பலகையின் அலைபரப்பு ஆற்றல் சுமார் 10 மில்லிவாட். ஒரு வீட்டுக்கு இது போதும்.

3. அடையாளமும் இணைப்பும்

3.1. உரிமமும் அழைப்புக் குறியும் பெற்றவருக்கே 7 இலக்க டி.எம்.ஆர். எண் கிடைக்கும். இந்திய எண்கள் 404 என்று தொடங்கும். இந்த எண் வானொலியிலும் ஹாட்ஸ்பாட்டிலும் பதிவாக வேண்டும்.

3.2. அதிர்வெண், கலர் கோட் (பிற நிலையங்களிலிருந்து பிரித்தறியும் எண்), டைம் ஸ்லாட் (ஒரே அலைவரிசையை நேரத்தால் பங்கிடும் பகுதி) மூன்றும் இரு கருவிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சிம்ப்ளெக்ஸ் ஹாட்ஸ்பாட்டுக்கு வழக்கமாக இரண்டாம் ஸ்லாட். ஒன்று பிசகினாலும் தொடர்பு கிடைக்காது.

3.3. டி.எம்.ஆர். நிலையங்களை இணையம் வழியே இணைக்கும் பிராண்ட்மீஸ்டர் வலையமைப்பில் சேர, அங்கே ஹாட்ஸ்பாட்டுக்கெனத் தனிக் கடவுச்சொல் அமைக்க வேண்டும். முதல் சோதனைக்கு 9990 என்ற எண்ணைத் தனி அழைப்பாக அழைத்தால், நம் குரலே திரும்பி ஒலிக்கும்.

4. அதிர்வெண் தேர்வு

வெளிநாட்டு வழிகாட்டிகளில் 433 அல்லது 438.8 மெகாஹெர்ட்ஸ் போன்ற எண்களைக் காணலாம். அப்படியே எடுத்தாண்டால் இந்தியாவில் விதிமீறலாகிவிடும். இங்கே ஹாம்களுக்குரியது 434 முதல் 438 வரை. அதிலும் 435 முதல் 438 வரை அமெச்சூர் செயற்கைக்கோள்களுக்கான பகுதி. எஞ்சுவது 434–435 என்ற ஒரே மெகாஹெர்ட்ஸ்.

10 மில்லிவாட் யாரைத் தொந்தரவு செய்யும் என்று கேட்கலாம். ஹாட்ஸ்பாட்டை அழைக்கும் கையடக்க வானொலி 1 வாட்டோ 5 வாட்டோ அனுப்புகிறது என்பதை அக்கேள்வி மறந்துவிடுகிறது. அதை எப்போதும் குறைந்த ஆற்றலில் வைப்பதே முறை. பக்கத்திலிருந்து வரும் மிகை ஆற்றல் ஹாட்ஸ்பாட்டின் ஏற்பியையும் திணறடிக்கும்.

5. பிழை விகிதமும் திருத்தமும்

டி.எம்.ஆர். சமிக்ஞை நான்கு அதிர்வெண் நிலைகளில் அமைகிறது: மைய அதிர்வெண்ணிலிருந்து இருபுறமும் 648, 1944 ஹெர்ட்ஸ். ஒரு நிலை அடுத்ததாகப் பிழைபடாமல் இருக்க, அது விலகக்கூடிய வரம்பு, இரு நிலைகளுக்கு இடையிலான தொலைவில் பாதியான 648 ஹெர்ட்ஸ்தான். மோடத்தின் அலையியற்றி பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினால், 434.5 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 435 ஹெர்ட்ஸ். அதாவது, அந்த வரம்பில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். குரல் உடைந்து கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

திருத்தும் முறை எளிது. வானொலியில் பேசியபடி, பை-ஸ்டார் பக்கத்தில் தெரியும் பிழை விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஏற்பின் ஆஃப்செட் மதிப்பை, அதாவது அதிர்வெண் விலகலை ஈடுசெய்யும் எண்ணை, சிறிது சிறிதாக மாற்றி, விகிதத்தை 1 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அலைபரப்பின் ஆஃப்செட்டுக்கும் பொதுவாக அதே மதிப்பே பொருந்தும்.

6. முடிவு

அடையாளம், அதிர்வெண், இணைப்பு, திருத்தம் என்ற வரிசையில் அமைத்தால், குறை எங்கே என்பதைத் தேடுவது எளிதாகிறது. இவற்றுள் அதிர்வெண் தேர்வு பிறரையும் பாதிக்கும் என்பதால் அதற்கே முதன்மை தர வேண்டும். இணையத்தோடு வானொலியை இணைப்பதற்குமுன் தம் உரிம நிபந்தனைகளை ஒவ்வொருவரும் படித்துத் தெளிய வேண்டும். ஹாட்ஸ்பாட் எவ்வளவு சிறிதாயினும், அதிலிருந்து புறப்படும் ஒவ்வோர் அலைக்கும் அழைப்புக் குறிக்கு உரியவரே பொறுப்பு.