அடிவானுக்கு அப்பால்: பல்லண்டக் கொள்கையும் அவதானச் சோதனையும்

1835 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் ஓகுஸ்ற் கொம்ற், விண்மீன்களின் இரசாயனச் சேர்க்கையை மனிதன் ஒருபோதும் அறியமாட்டான் என எழுதினார். அவர் 1857 இல் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், ஹைடல்பேர்க் நகரில், கேர்ச்சோவும் புன்சனும் நிறமாலைக் கோடுகளைக் கொண்டு சூரியனிலுள்ள மூலகங்களை இனங்காணும் வழியைக் கண்டனர். அறிவுக்கு எல்லை வகுக்க முற்படுவோரை எச்சரிக்க இக்கதை எடுத்தாளப்படுவதுண்டு. பல்லண்டக் கொள்கைக்கு இவ்வொப்புமை முற்றும் பொருந்துவதன்று. விண்மீனின் ஒளி கொம்றின் காலத்திலும் பூமியை வந்தடைந்துகொண்டேயிருந்தது. சூரிய நிறமாலையின் கருங்கோடுகளைப் பிரவுன்ஹோபர் 1814 இலேயே கண்டிருந்தார். எழுத்து இருந்தது, வாசிக்கத் தெரியாதிருந்ததே குறை. அடிவானுக்கு அப்பாலிருந்தோ எழுத்தே வருவதில்லை.

அடிவான் என்னும் எண்ணக்கருவைத் தெளிவாக வரையறுத்தவர் வொல்வ்காங் றிண்ட்லர். 1956 இல் வெளியான கட்டுரையில் அவர் இருவகை அடிவான்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று துணிக்கை அடிவான்: பேரண்டத்தின் தொடக்கம் முதல் இன்றுவரை பூமியை வந்தடைய ஒளிக்குக் காலம் போதுமாயிருந்த எல்லை. மற்றையது நிகழ்ச்சி அடிவான்: அதற்கு அப்பால் இன்று நிகழ்வது, எத்துணைக் காலம் காத்திருப்பினும் இங்கு தெரியவராது. பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளாயினும், வெளி விரிந்துகொண்டே வந்தமையால் முதலாவது அடிவானின் தூரம் இன்று ஏறத்தாழ 4600 கோடி ஒளியாண்டுகள். இரண்டாவதன் தூரம் 1600 கோடி ஒளியாண்டுகளுக்குச் சற்று மேல்.

பல்லண்டக் கொள்கை பிறந்ததும் ஓர் அடிவான் சிக்கலைத் தீர்க்கப் புகுந்தபோதே என்பது வரலாற்றின் விநோதம். 1965 இல் பென்சியாசும் வில்சனும் அறிவித்த நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு, வானின் எத்திசையிலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலை உடையது. பழைய மாதிரியின்படி எதிரெதிர்த் திசைப் பகுதிகள் அதற்குமுன் தம்முள் தொடர்பு கொண்டிருக்க முடியாது. பின் இவ்வொருமை எவ்வாறு வந்தது? 1981 இல் அலன் கூத் முன்வைத்த வீக்கக் கொள்கை, மிகச் சிறிய பகுதியொன்று கணத்தினும் குறுகிய பொழுதில் பன்மடங்காகப் பெருத்தது என விடை கூறிற்று. 1983 இல் விலென்கினும் 1986 இல் லிண்டேயும், பல மாதிரிகளில் இவ்வீக்கம் எங்கும் ஒருங்கே ஓய்வதில்லை எனக் காட்டினர். ஓய்ந்த பகுதிகள் தனித்தனி அண்டங்களாகும். சில மாதிரிகளில் அவை குமிழிகளாகத் தோன்றும்.

குமிழிகள் அயலயலே தோன்றின் மோதவும் கூடும். மோதலின் வடு இங்குள்ள அடிவானுக்குள் விழுந்திருப்பின், பின்புலக் கதிர்வீச்சில் வட்ட வடிவமான வெப்பநிலை மாறுபாடாகத் தென்படலாம். 2011 இல் பீனி, ஜோன்சன், மோர்ட்லொக், பெய்ரிஸ் ஆகிய நால்வரும் டபிள்யூமாப் செய்மதியின் ஏழாண்டுத் தரவுகளில் இவ்வடுக்களைத் தேடினர். விரும்பியதையே காண்பது கண்ணின் இயல்பு. ஆகவே வட்டங்களைக் கண்ணாற் பொறுக்காது, கணினி முறையொன்றைப் போலித் தரவுகளில் முன்கூட்டியே அளவுதிருத்திப் பின்னர் உண்மைத் தரவுகளிற் செலுத்தினர். பொருந்தக்கூடிய நான்கு இடங்கள் அகப்பட்டன. ஆயினும் மோதலைக் கருதுகோளாகச் சேர்ப்பதற்குத் தரவுகள் நியாயம் தரவில்லை என அவர்களே முடிவு செய்தனர். வான் முழுவதிலும் அறியத்தகு மோதல்களின் சராசரித் தொகை 1.6 இலும் குறைவு என 68 சதவீத நம்பகத்தோடு கூற முடிந்தது, அவ்வளவே.

இச்சோதனை ஒருபக்கமானது. தெளிவான வடு கிடைத்திருப்பின் அயலண்டமொன்றுக்கு அது வலிய சான்றாகியிருக்கும். கிடைக்காமையோ கொள்கையைப் பொய்ப்பிக்கவில்லை, ஏனெனில் மோதல் அரிதெனின் வடுவும் அரிதே. இருப்பினும் பயனற்ற முயற்சியெனத் தள்ளுதல் தகாது. சில மாதிரிகளேனும் எண்ணால் அளக்கப்பட்டன.

வைன்பேர்க்கின் வழி வேறு. அண்ட மாறிலி மிகப் பெரிதாயின் விண்மீன் கூட்டங்களே உருவாகா; ஆகவே நோக்குநர் வாழும் அண்டத்தில் அது ஒரு வரம்புக்குள் அமைய வேண்டும் என அவர் 1987 இல் வாதித்தார். 1998 இன் அவதானங்கள் சுட்டிய பெறுமானம் அவ்வரம்புக்குள் அமைந்தது. இதனைப் பல்லண்டத்தின் வெற்றியாகக் கொண்டோர் உளர். ஆனால் விண்மீன் கூட்டங்கள் இருக்கின்றன என்பதிலிருந்தே அவ்வரம்பு பெறப்படுகின்றது. அண்டம் ஒன்றேயாயினும் அது மாறாது.

2014 டிசெம்பரில் எலிசும் சில்க்கும் ‘நேச்சர்’ இதழில், சோதனையை விஞ்ஞானத்தின் அளவுகோலாகக் கைவிடலாகாது என எழுதினர். அடுத்த டிசெம்பரில் மியூனிக் நகரில் பௌதிகவியலாளரும் மெய்யியலாளரும் கூடி இதனை விவாதித்தனர். இணக்கம் ஏற்படவில்லை.