டர்பனில் விடுபட்ட சொல்

சங்கரன்கோவிலில் நாங்கள் சிலர் கூடி வாசிக்கிற இடத்தில் கல்லூரித் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, தென்னாப்பிரிக்கான்னா காந்தி, மண்டேலா. அதுக்கு மேல நமக்கு அங்க என்ன கெடக்கு?" கேள்வி நியாயம்தான். ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஒரு பாரிஸ்டரைத் தவிர வேறு யாரையும் பாடப்புத்தகம் அவனுக்குக் காட்டவில்லை.

காந்தி போவதற்கு 33 வருஷம் முந்தியே, 1860 நவம்பர் 16-இல், சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் நின்றது. நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கான ஒப்பந்தக் கூலிகள். 1911-இல் அது நிறுத்தப்படும்வரை ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. (எங்கள் திருநெல்வேலிச் சனம் அதிகம் போனது இலங்கைக்கு.) கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயசு, ஊர். கூடவே சாதிக்கும் ஒரு கட்டம். அதில் 'பறையன்' என்று எழுதப்பட்டவர்களும் அந்த மண்ணில் இறங்கிக் கரும்பு வெட்டினார்கள்.

அவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று 1946-இல் வெள்ளை அரசு சட்டம் போட்டது. ஊர் எது, சேரி எது என்று கோடு கிழிக்கிற அதே வேலை. இந்தியா வியாபாரத்தை முறித்துக்கொண்டு, விஷயத்தை ஐ.நா. சபைக்குக் கொண்டுபோனது. அப்போது நமக்குச் சுதந்திரம்கூட வரவில்லை. 'இது எங்கள் உள்நாட்டு விவகாரம், தலையிட உங்களுக்கு உரிமை இல்லை' என்றார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். விஜயலட்சுமி பண்டிட் விடவில்லை. டிசம்பர் 8-இல் 32-க்கு 15 என்று தீர்மானம் நிறைவேறியது.

அதே 1946-இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும், தீண்டப்படாதோரும் அப்படிச் செய்ய நினைக்கிறார்கள் என்று. டுபாய்ஸ் ஆதரவாகப் பதில் எழுதினார். இந்தச் சேதி எந்தப் பள்ளிக்கூடப் பாடத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

நிறவெறி அரசை ஒதுக்கிவைப்பதில் இந்தியா உறுதியாக இருந்தது, மறுக்க வேண்டாம். 1974-இல் டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தது. சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடியிருக்க வேண்டிய ஆட்டம். 1990-இல் விடுதலையான மண்டேலாவுக்கு அந்த வருஷமே பாரத ரத்னா. 1993-இல் தூதரக உறவு திரும்பியது.

பிறகு 2001. ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு அதே டர்பனில் கூடியது. நூற்றுக்கும் மேற்பட்ட தலித்துகள் போய் சாதியையும் சேருங்கள் என்று கேட்டார்கள். தொண்டு அமைப்புகளின் அறிக்கையில் அது ஏறியது. இந்திய அரசோ சாதி வேறு, இனம் வேறு என்றது. அந்தந்தச் சமூகம் தனக்குள்ளே தீர்த்துக்கொள்ள வேண்டிய போராட்டம் என்றது. அரசுகளின் அறிக்கையில் 'சாதி' என்ற சொல்லே இல்லை.

"அப்ப ஸ்மட்ஸ் சொன்னதத்தான இவுகளும் சொல்லுதாக?" என்றான் தம்பி.

இன்னொன்றும் அவனிடம் சொன்னேன். 1965-இன் இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். தலித்துகள் அந்தச் சொல்லுக்குள் வருவார்கள் என்று உடன்படிக்கைக் குழு 1996-இல் சொன்னது, 2002-இல் விளக்கியும் எழுதியது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை.