குருதி–கண் தடைகளும் நீரிழிவும்

இரத்தத்தில் உள்ள புரதம், கொழுப்பு, செல்கள் முதலியவை தடையின்றிக் கண்ணுக்குள் புகாமல் காக்கும் செல் அடுக்குகளே குருதி–கண் தடைகள். நீரிழிவு இவற்றைப் பழுதாக்குகிறது. பார்வை மங்குவதற்கு முன்பே பழுது தொடங்கிவிடுகிறது.

அமைப்பு
விழித்திரையின் அகத்தடை, நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்களால் ஆனது. அச்செல்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருக்கும். வெளியே பெரிசைட் செல்கள் அவற்றைத் தாங்கும். புறத்தடை, விழித்திரைக்குப் பின்னுள்ள நிறமிச் செல் அடுக்கு. கண்ணின் முன்பகுதியில் சிலியரி உறுப்பின் செல்களும் ஐரிஸ் குழாய்ச் சுவர்களும் மற்றொரு தடையாகின்றன.

பழுதடையும் விதம்
சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் பெரிசைட்டுகள் மடிகின்றன. வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டி நுண்குழாய்களை அடைக்கின்றன. ஆக்சிஜன் குறைந்த விழித்திரை சுரக்கும் வி.இ.ஜி.எஃப். என்னும் புரதம் செல்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது. கசியும் நீர் கூர்பார்வைக்குரிய மாக்குலாவில் தேங்கி வீக்கமாகிறது. கொழுப்பு மஞ்சள் புள்ளிகளாகப் படிகிறது. முன்பகுதித் தடையும் தளர்வதால், கண்புரை அறுவைக்குப் பின் நீரிழிவாளருக்கு அழற்சி மிகலாம்.

கண்டறிதல்
கை நரம்பில் ஃபுளோரசின் சாயம் செலுத்தினால் சில நொடிகளில் அது விழித்திரைக் குழாய்களில் ஒளிரும். நலமான குழாயின் ஓரம் கோடு போட்டதுபோல் தெளிவாகத் தெரியும். கசியும் இடத்தில் ஒளி நேரம் ஆக ஆகப் பரவும். விழித்திரையில் மாற்றம் தென்படாத நீரிழிவாளரிடமும் கசிவு இருப்பதை 1975-இல் போர்ச்சுகல் மருத்துவர் குன்யா-வாஸும் குழுவினரும் பதிவு செய்தனர். இன்று ஒளியால் விழித்திரையின் குறுக்குவெட்டைப் படமெடுக்கும் ஓ.சி.டி. கருவி ஊசியின்றியே வீக்கத்தை அளக்கிறது.

சிகிச்சை
சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதே அடிப்படை. மாக்குலா வீக்கத்துக்கு வி.இ.ஜி.எஃப். எதிர்ப்பு மருந்து கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. தேவையானோருக்கு லேசர் உதவும்.

தமிழ்நாட்டு நிலை
2005-இலும் 2009-இலும் வெளியான இரு சென்னை ஆய்வுகளில், நீரிழிவாளரில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரிடம் விழித்திரைப் பாதிப்பு காணப்பட்டது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. விழித்திரையைப் பார்க்கவோ கருவியும் பயிற்சி பெற்றவரும் தேவை. கமுதி வட்டத்து அபிராமம் போன்ற ஊர்க்காரர்கள் விரிவான சிகிச்சைக்கு இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ பயணப்பட வேண்டியிருக்கிறது. பார்வை தெளிவாக இருக்கிறது என்பதற்காக அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடக் கூடாது. நீரிழிவாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.