கோரிமேட்டுக்கு அப்பால்

பொறியியல் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர் எத்துறையைத் தேர்வது என்ற கேள்வி எழும்போதெல்லாம், நாம் ஊதியத்தையும் சந்தை நிலவரத்தையுமே பேசுகிறோம். புதுச்சேரியில் அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு: கையிலிருக்கும் சான்றிதழ் எந்த எல்லைவரை செல்லுபடியாகும்? கோரிமேட்டோடு ஊர் முடிந்துவிடுகிறது. 1947 வரை அதற்கப்பால் ஆங்கிலேயரின் இந்தியா.

1823-இல் பிரெஞ்சு அரசு இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கிற்று. ஆனால் மருத்துவமோ சட்டமோ, பிரெஞ்சில் கற்றதற்குக் கோரிமேட்டைத் தாண்டினால் பெரிய மதிப்பில்லை. அங்கே அலுவல்மொழி ஆங்கிலம். திண்டிவனத்தைவிடக் கடல் கடந்த சைகோன் படித்தவருக்கு அருகிலிருந்தது என்பது மிகையன்று. எழுத்தராக, காவலராக, வரி வசூலிப்பவராகப் பலர் அங்கே சென்றனர். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள், ஐரோப்பிய ஊழியருக்கு நிகரான ஊதியத்தையும் கேட்டனர். ஒரு துறையைத் தேர்வதற்குத் தரப்பட்ட விலை அது. குடும்பப் பெயர்கூட மாறியது.

1954-இல் அந்த வாசல் மூடத் தொடங்கியது. ஜூலையில் ஜெனீவா உடன்பாடு இந்தோசீனப் போரை முடித்தது. நவம்பர் 1-இல் புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு மாறியது. இரண்டையும் முடித்துவைத்த பிரெஞ்சுப் பிரதமர் ஒருவரே: பியேர் மெந்தேஸ் பிரான்ஸ். பதவியிழந்தபின் 1959-இல் இங்கு வந்த அவர், பழைய மருத்துவப் பள்ளியின் வாரிசான கல்லூரிக்குப் புதிய கட்டடத்துக்கான அடிக்கல்லை நாட்டினார். நாட்டிய இடம் கோரிமேடு! 1964-இல் அக்கல்லூரி ஜிப்மர் ஆயிற்று. அதன் பட்டம் எல்லைக்கு இருபுறமும் செல்லுபடியானது.

சைகோனை நம்பியவரை இன்று குறைகூறுவது எளிது. ஆயினும் அது ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பலித்த கணக்கு. 1980-களின் நடுவில் பிள்ளைச்சாவடியில் பொறியியல் கல்லூரி வந்தபின் பட்டம் பெற்றவர்கள் நம்பிய மென்பொருள் துறை, பெருமளவில் ஆளெடுக்கத் தொடங்கி அதில் பாதிக் காலம்கூட ஆகவில்லை. கட்டுமானம் படித்தவரும் இயந்திரவியல் படித்தவரும் ஒரே நிரலெழுதும் வேலைக்குச் சென்றனர். 2001 சரிவில், பணி ஆணை கையிலிருந்தும் அழைப்பு வராமல் காத்திருந்தோர் பலர். கோரிமேட்டின் இருபுறமும் தொழிற்பேட்டைகள், மருத்துவமனைகள் எனப் பொறியாளருக்கு வேலையுள்ள இடங்கள் இருக்கின்றன. ஊதியம் குறைவு, வீட்டில் பெண் கேட்பவரிடம் சொல்லப் பெருமையுமில்லை. ஆனால் அங்கே கற்கும் தொழிலை வேறொரு நாட்டின் ஆணை ஓரிரவில் செல்லாததாக்க முடியாது. நமது சாய்வு அந்தப் பக்கமே. 2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தபோது, இவ்வூரில் சில வீடுகளேனும் 1954-ஐ நினைத்திருக்கக்கூடும்.