கேளாச் செவியும் செவிலியர் மனப்பாங்கும்: பெரம்பலூர், அரியலூர் பின்புலத்தில் ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

செவிலியப் பயிற்சியும் காதுகேளாதோர் கல்வியும் சென்னை மாகாணத்தில் ஒரே நூற்றாண்டில் தோன்றியவை. ஆயினும் இவ்விரு துறைகளும் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன. காதுகேளா நோயாளியிடம் செவிலியர் காட்டும் தயக்கத்தைத் தனிமனிதக் குணக்குறையாகக் கருதுவோர் உளர். அத்தயக்கம் இவ்வரலாற்றுப் பிரிவின் விளைவு என்பதைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பின்புலத்தில் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மரபில் இருவேறு நோக்கு

புறநானூற்றின் 28ஆம் பாடல் குறையுடைய எண்வகைப் பிறப்புகளுள் ஒன்றாகச் செவிட்டை எண்ணுகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரமோ வேறொரு நோக்கிற்கு இடந்தருகிறது. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் (950) நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உழைச்செல்வானையும் மருத்துவத்தின் ஒரு கூறாக வைக்கிறது. நோயாளியின் அருகிருந்து பணி செய்பவர் என்பது அச்சொல்லின் பொருள். இன்று செவிலியர் வகிக்கும் இடம் அதுவே. பரிமேலழகர் இந்நான்கிற்கும் தனித்தனியே நந்நான்கு இயல்புகளை வகுக்கிறார். தன் நோயின் நிலையைப் பிறர் உணரச் செய்தல் நோயாளிக்கு உரிய இயல்புகளுள் ஒன்று. உணர்த்துதல் வாய்மொழியால் மட்டுமே நிகழவேண்டும் என்னும் வரையறை அங்கில்லை. கையாலும் முகக்குறிப்பாலும் உணர்த்தலாம். அவற்றை உணர்ந்துகொள்ளும் பயிற்சி உழைச்செல்வானுக்கு இருத்தல் வேண்டும்.

சந்திக்காத இரு வழிகள்

சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியப் பயிற்சி தொடங்கியது. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மகப்பேற்று உதவியாளர் சட்டம் இத்தொழிலைப் பதிவுக்கும் ஒழுங்குக்கும் உட்படுத்தியது. இதற்கிடையே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காதுகேளாக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தோற்றுவித்தார்.

அக்காலத்தில் உலகளவில் காதுகேளாதோர் கல்வியைத் திசைதிருப்பிய நிகழ்வு ஒன்றுண்டு. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகையை விலக்கி உதட்டசைவையும் பேச்சுப் பயிற்சியையுமே ஏற்றது. அதன் விளைவாகப் பல நாடுகளில் சைகைமொழி வகுப்பறையை இழந்து, விடுதியிலும் விளையாட்டிடத்திலும் உயிர்வாழ்ந்தது. பள்ளியே மொழியாக ஏற்காத ஒன்றை மருத்துவமனை கற்க முன்வராததில் வியப்பில்லை. 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு மிலான் தீர்மானங்களைக் கைவிட்டது. இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் 2015இல் தான் அமைந்தது. 3,000 சொற்கள் கொண்ட அதன் முதல் அகராதி 2018இல் வெளிவந்தது.

மாவட்டப் பின்புலம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர், 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் தனி மாவட்டமாயிற்று. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223. அரியலூரின் மக்கள்தொகை 7,54,894. அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சிற்றூர்கள் நிறைந்த இம்மாவட்டங்களில் நோயாளியுடன் உறவினர் துணைவருவது இயல்பு. காதுகேளா நோயாளிக்கு அவ்வுறவினரே மொழிபெயர்ப்பாளரும் ஆகிறார்.

இவ்வழக்கம் செவிலியரின் பணியை எளிதாக்குகிறது. நோயாளியின் மறைபொருளையோ பறிக்கிறது. மாதவிடாய், கருவுறுதல், குடும்பக்கட்டுப்பாடு ஆகியவற்றைப் பற்றி மாமியார் வாயிலாக விடையளிக்கும் பெண், தன் ஒப்புதலைத் தானே அளித்தாள் எனக் கொள்வது அரிது. எழுதிக்காட்டுதலும் முழுத்தீர்வாகாது. சைகையைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்குத் தமிழ் இரண்டாம் மொழி. வினாச்சொல் தொடரின் இறுதியில் வரும் இந்தியச் சைகைமொழிக்குத் தனி இலக்கணம் உண்டு.

நோயாளிகள் அனைவரும் ஒரே வகையினரும் அல்லர். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் உள்ள அரியலூர்ப் பகுதியில் இவ்வேறுபாடு கருதத்தக்கது. நீடித்த பேரிரைச்சலாலோ முதுமையாலோ செவித்திறன் குன்றியவர் தமிழைப் பேசுவார். எழுத்தறிந்தவராயின் படிக்கவும் செய்வார். பிறவியிலேயே கேளாதவரின் தேவை வேறு. இருவரிடமும் குரலை உயர்த்திப் பேசுவது பயனற்றது. சினம் கொண்டதாகவும் அது தோன்றும்.

சட்டமும் நடைமுறையும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொடர்பு என்பதில் சைகையையும் அடக்குகிறது. அதன் 25ஆம் பிரிவு தடையற்ற மருத்துவமனையையும் சிகிச்சையில் முன்னுரிமையையும் வலியுறுத்துகிறது. ஆனால், பெயரைக் குரலால் அழைக்கும் புறநோயாளர் பிரிவில் அம்முன்னுரிமை கேளாதவரைச் சென்றடைவதில்லை. சாய்தளம் கட்டியதும் தடை நீங்கிற்று எனக் கருதும் நிருவாகத்தின் கண்ணுக்கு இத்தடை புலப்படுவதில்லை.

முடிவுரை

செவிலியர் பலரிடமும் இரக்கம் உண்டு. மொழி அற்ற இரக்கம், உறவினரிடம் பேசிவிட்டு நோயாளியின் தோளைத் தட்டிச் செல்வதோடு நின்றுவிடுகிறது. வலி எங்கே, எப்போது தொடங்கிற்று, ஊசி போடலாமா, மருந்து உணவுக்கு முன்னா பின்னா என்னும் சில வினாக்களுக்கான சைகைகளைச் செவிலியப் பாடத்திட்டத்தின் செய்முறைப் பகுதியில் சேர்ப்பது முதற்படியாகும். ஒப்புதல் பெறும் இடங்களில் பயிற்சி பெற்ற சைகைமொழிபெயர்ப்பாளரை, காணொளி வழியாகவேனும், அமர்த்துவது அடுத்த படி. கற்பிப்பவராகக் காதுகேளாதோரே அமைதல் சிறப்பு. அவ்வகுப்பறையில் செவிலியர் அவர்களை நோயாளியாக அன்றி ஆசிரியராகச் சந்திப்பர். மனப்பாங்கின் மாற்றமும் அங்குத் தொடங்கும்.